எடைக்கு எடை நாட்டுச்சர்க்கரை

வேண்டாமுங்க தம்பி, சிகரெட்டை உள்ள வெச்சுக்கங்க. நீட்டுனதே போதும். நான் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க புடிக்கறதுன்னா அக்கட்ட அந்த வேப்பமரத்துப் பக்கம் போய்ப் புடிச்சுட்டு வாங்க, எனக்கொண்ணும் வருத்தமில்ல. கரண்ட் வர்றதுக்கு எப்படியும் சித்த நேரம் ஆகும். கரண்ட் இல்லைன்னா இந்த எடைமேடை வெறும் இரும்புத் தகடு. உங்க கெழங்கு லாரி எங்கயும் ஓடிப் போயிராது.

அப்பறம் புடிச்சுக்கறீங்களா? அதுவும் சரி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்தாங்க, கடலை எடுத்துக்கங்க. வறுத்த கடலைதான், ஒண்ணும் பண்ணாது.

என்ன பாக்கறீங்க? தொப்பையைத்தான பாக்கறீங்க. நல்லாப் பாருங்க. மொதல்லயெல்லாம் ஒருத்தர் பாத்தா சட்டைய இழுத்து விட்டுக்குவேன், மூச்சைப் புடிச்சு வயித்த உள்ள இழுத்துக்குவேன். இப்ப அதெல்லாம் இல்ல. சிகரெட்டை விட்டா ஒடம்பு போட்டுருமேன்னு உங்களுக்கும் ஒரு பயம் இருக்குது, மூஞ்சியிலயே தெரியுது. இந்த ரோட்டுல போற டிரைவருங்கள்ல பாதிப்பேரு அதைத்தான் சொல்லுவாங்க. விட்டரலாம் சென்னியப்பா, ஆனா உன்ன மாதிரி ஆயிட்டா என்ன பண்றதும்பாங்க. என்ன மாதிரி ஆனா என்னங்க? எவன் ஊட்டுச் சோத்தத் தின்னு ஆனேன்?

நான் இந்த எடைமேடையில உக்காந்துதான் தலை நரைச்சுது. இந்த வேலையில ஒரு கெரகம் என்னன்னா, லாரி மேல ஏறி எடை நிக்கற வரைக்கும் டிரைவர் எறங்கி வந்து இந்தச் சன்னல்ல சாஞ்சுக்குவாரு. சும்மா சாஞ்சு நிக்க முடியுங்களா? ஒண்ணு பத்த வெப்பாரு, எனக்கும் ஒண்ணு நீட்டுவாரு. லோடு எடைக்கு ஒண்ணு, திரும்பி வந்து காலி எடைக்கு ஒண்ணு. நான் வாங்கிக் குடிச்சது கொஞ்சம், சன்னல் வழியா வந்ததுதான் அதிகம். அப்பெல்லாம் நான் எப்படி இருப்பேன்னு நெனைக்கறீங்க? வெறகுக் குச்சி. பெல்ட்டுல ஆணி அடிச்சு புதுசு புதுசா ஓட்டை போட்டுக்குவேன். ஏன்யா இப்படி எளைச்சுப் போனேன்னு ஊர்ல ஒருத்தராவது கேக்கோணுமே? கேக்கல. ஆளு நல்லா சுறுசுறுப்புன்னாங்க.

முந்தின வருஷம் மாசியில, மாமனார் ஊர்ல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். அந்த ஊர்ல ஒரு கரடு, கரட்டு மேல முருகன் கோயில். பெரிய மலையெல்லாம் இல்லீங்க, வயசானவங்களே பேசிக்கிட்டே ஏறிருவாங்க. நான் பாதிப் படியில உக்காந்துட்டேன். மூச்சு வாங்குது, வாங்குது, உள்ள போகவே மாட்டேங்குது. ஒதடெல்லாம் கருத்துப்போச்சாம். என்ற ஊட்டுக்காரி மைனாவதி எனக்குத் தண்ணி குடுத்து, முந்தானைல வீசி விட்டு, நெழல்ல உக்கார வெச்சுப்போட்டு, அவ பாட்டுக்கு மேல ஏறிப் போயிட்டா. நான் என்னடா இவ, புருசன் இங்க சாகக் கெடக்கறேன், கோயிலுக்குப் போறாளேன்னு நெனச்சேன். கோவமாக்கூட இருந்துச்சு.

அவ மேல போய் வேண்டிக்கிட்டு வந்திருக்கா. இவரு ஒரு வருஷம் பொகை தொடாம இருந்தாருன்னா, வருஷம் முடிஞ்சு வர்ற பங்குனி உத்திரத்துக்கு இவரைத் தராசுல உக்கார வெச்சு, எடைக்கு எடை நாட்டுச்சர்க்கரை தர்றேன்னு. அந்தக் கோயில்ல அது வழக்கமுங்க. ஒரு தட்டுல ஆளு, இன்னொரு தட்டுல சர்க்கரை. ரெண்டும் சமமா நின்னா வேண்டுதல் தீந்துது. சர்க்கரைய அங்கயே வந்தவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துருவாங்க.

எறங்கி வந்து சொன்னா. அவ அதிகம் பேச மாட்டா. நான் வேண்டிக்கிட்டேன், இனி உங்க பாடுன்னா. அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டர்கிட்டப் போனோம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஊதுனீங்கன்னா உங்க சம்சாரம் தனியாத்தான் மலை ஏறோணும்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டாரு. அன்னிக்கு விட்டதுதானுங்க. எப்படின்னு கேக்காதீங்க. பல்லைக் கடிச்சுட்டு விட்டேன். லாரி வந்து நின்னா கை தன்னால சன்னலுக்குப் போகும். நான் அத மடியில வெச்சு அமுக்கிக்குவேன். வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது, எல்லார் மேலயும் எரிஞ்சு எரிஞ்சு விழுவேன். கெழங்கு வண்டி டிரைவர் ஒருத்தரு, அண்ணா நீங்க பேசாமக் குடிச்சரலாம், எங்களால தாங்க முடியலைன்னே சொன்னாரு.

எடையப் பத்தியும் டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாருங்க. விட்டதும் பசி நல்லாத் தெரியும், கொஞ்சம் எடை போடும், பரவாயில்ல, பொகையில வர்ற கேட்டுக்கு முன்னால அது ஒண்ணுமே இல்லைன்னாரு. டாக்டரே பரவாயில்லைன்னுட்டாரு, பாத்துக்கங்க. அப்பறம் வெள்ளரிக்கா கடிங்க, கேரட்டு கடிங்க, தண்ணி குடிங்கன்னு என்னமோ சொல்லிட்டே போனாரு. நான் என்ன முயலா? சாயங்காலம் நடக்கச் சொன்னாரு, அத மட்டும் நான் தட்டல. தெனமும் பஸ் ஸ்டாண்டு பேக்கரி வரைக்கும் நடந்தே போயிட்டு நடந்தே வருவேன்.

நான் ஒண்ணும் அதிகமாத் திங்கற ஆளு இல்லீங்க. காலையில ஊட்டுல நாலு இட்லி. இங்க வந்தா டீக்கு ஒரு தேங்காபன்னு. அதுவும் டிரைவருங்க வந்தா அவங்க கூட இன்னொண்ணு, மனுசருக்கு மனுசர் மரியாதை இருக்குதில்ல. நடுவுல வாய்க்குக் கடலை. மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் நடந்துட்டு வர்றதால வயித்துக்கு எதாச்சும் வேணும், ஒரு பப்ஸ். ராத்திரி தோசைதான். விசேஷ ஊட்டுப் பலகாரம் வந்துச்சுன்னா மைனாவதி அவ பங்கையும் என்ற தட்டுலயே வெச்சுருவா. நீங்க தின்னுங்கம்பா. சிகரெட்டுக்குப் பதிலா வாய்க்கு எதாச்சும் வேணுமில்லைங்க? குடுத்தாத் திம்பேன். இதுல என்ன தப்பு?

எடுங்க தம்பி, கடலை அப்படியே இருக்குது.

எனக்கு ஒடம்பு போட்டதே தெரியலீங்க. வேட்டிக்கு என்ன சைஸ்? சுத்துனா சுத்திக்குது. சட்டைதான் காட்டிக் குடுத்துச்சு. பொத்தான் ஒண்ணு தெறிச்சு ஒரு டிரைவர் மேலயே போய் விழுந்துச்சு. மைனாவதி அவ பாட்டுக்குத் தையலைப் பிரிச்சு ரெண்டு பக்கமும் விட்டுத் தெச்சுக் குடுத்தா. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பிரிச்சா. ஆனா ஊர் சும்மா இருக்குமா? சுகர் பாத்தியா சென்னியப்பா, பிரஷர் பாத்தியான்னு வழியில நிறுத்திக் கேக்கறாங்க. மாமனார் ஊட்டுச் சோறு இப்பத்தான் ஒடம்புல ஒட்டுதுங்கறாங்க. எனக்கு அத்தனை வருஷம் கட்டு கட்டாச் சிகரெட் வித்த டீக்கடைக்காரன், அண்ணா ஒடம்பப் பாத்துக்கங்கங்கறான். நான் இருமி இருமிச் சன்னல்ல கோழை துப்புனப்ப ஒருத்தனும் கேக்கலீங்க. வயித்தப் பத்தி ஊரே கேக்குது. என்ற நெஞ்சு உள்ள இருக்குது, எவன் கண்ணுக்கும் தெரியாது. தொப்பை வெளிய இருக்குது, அதனால ஆளாளுக்குப் பாத்தியதை.

நானும் எடை பாக்காம இல்ல. தெனம் காலையில மொத லாரி வர்றதுக்கு முன்னால இந்த மேடை மேல போய் நிப்பேன், உள்ள வந்து கம்ப்யூட்டர்ல பாப்பேன். சிரிக்காதீங்க. நான் எறங்குனாலும் நம்பர் கொஞ்ச நேரம் நிக்கற மாதிரி ஒரு பொத்தான் இருக்குது. அறுவதுன்னு காட்டும். போன மாசமும் அறுவது, இந்த மாசமும் அறுவது. சட்டைப் பொத்தான் தெறிச்ச அன்னிக்கும் அறுவது. ஊர் சொல்றதெல்லாம் வயித்தெரிச்சல், மெஷின் பொய் சொல்லாதுன்னு நான் தெம்பா இருந்தேன்.

நீங்க டிரைவர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் அது அப்ப மண்டையில ஏறல. இது லாரிக்கு உண்டான மெஷின், இருவது இருவதாத்தான் தாண்டும். நடுவுல இருக்கற எடையெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல. நெல்லு லோடுக்கும் கெழங்கு லோடுக்கும் அது போதும். வருஷக்கணக்கா இதுல உக்காந்துட்டு, நான் அத மறந்துட்டு அதும்மேல நின்னுட்டு இருந்திருக்கேன்.

மைனாவதி உத்திரத்துக்குச் சர்க்கரை வாங்கப் போறப்ப, எவ்வளவுங்கன்னு கேட்டா. அறுவதுன்னேன். நாட்டுச்சர்க்கரை மூட்டையே அறுவது கிலோதான் வரும். மூட்டைக்கு மூட்டை சரியா இருக்குது, முருகனே கணக்குப் போட்டு வெச்சிருக்கான் பாருன்னு பெருமையாச் சொன்னேன். அவ சரிங்கன்னா.

அந்தக் கோயில்ல ஒரு கட்டு இருக்குது. கொடி ஏத்தற அன்னிக்குச் சர்க்கரைய மஞ்சத்துணி சுத்திக் கொண்டுபோய் சாமி முன்னால வெச்சரோணும். வெச்ச பொறகு வெளியில இருந்து ஒரு கைப்பிடி கூடக் கூட்டக்கூடாது. அடுத்தவங்க ஊட்டுச் சர்க்கரையும் ஆகாது. உத்திரத்தன்னிக்கு உச்சிக்காலப் பூசைக்குள்ள ஆளு உக்காந்த தட்டு எந்திரிக்கோணும். மிஞ்சுனா பாதகமில்ல, அள்ளிக்கலாம். கொறையத்தான் கூடாது. கொறைஞ்சா வேண்டுதல் தீரல, அடுத்த உத்திரத்துக்குத்தான் வரோணும்.

கொடி ஏத்தற அன்னிக்கு மைனாவதிதான் போய் மூட்டைய வெச்சுட்டு வந்தா. அதுக்கு மூணாம் நாளோ நாலாம் நாளோ, காலையில வந்து மேடையில நின்னேன். எம்பதுன்னு காட்டுது. எறங்கி மறுபடி ஏறுனேன். எம்பது. செருப்பைக் கழட்டிட்டு ஏறுனேன். எம்பது. மெஷின் கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்குப் போன் போட்டு மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவன் வந்து கல்லெல்லாம் வெச்சுப் பாத்துட்டு, மெஷின் சரியாத்தான் இருக்குதுங்கண்ணா, நீங்கதான் எழுவதைத் தாண்டிட்டீங்க, அதான் எம்பதுன்னு காட்டுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறே எறங்கலீங்க. கொஞ்சமாத்தான் சாப்பிட்டேன்.

அன்னிக்கேதான் என்ற மச்சான் வந்தாரு. மைனாவதிக்கு அண்ணன், குழந்தைவேலு. மஞ்சள் மண்டியில எடை போடறவரு. மூட்டையக் கண்ணால பாத்தே இவ்வளவுன்னு சொல்லிருவாரு, நூலு பிசகாது. ஆளு அப்படியே நறுக்குன்னு இருப்பாரு, ரெண்டு வெரலுக்கு நடுவுல சிகரெட் இல்லாம நான் பாத்ததில்ல. உத்திரத்துக்கு மண்டித் தராசக் கொண்டுபோய்க் கோயில் மண்டபத்துல கட்டறது அவரு பொறுப்பு. வந்தவரு சன்னல்ல சாஞ்சாரு. என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாரு, மஞ்சள் மூட்டையப் பாக்கற மாதிரி.

"மாப்ள, நீ எழுவதுக்குக் கொறைய மாட்ட. அறுவது சர்க்கரைக்குத் தட்டு எந்திரிக்காது. சர்க்கரையக் கூட்ட முடியாது. உன்னத்தான் கொறைக்கோணும்"னாரு.

எப்படிங்க மச்சான் ஒரு வாரத்துலன்னு கேட்டேன். அதுக்கு அவரு பாக்கெட்ட எடுத்து இந்த மேசை மேல வெச்சாரு. உத்திரம் வரைக்கும் சோத்தைக் கொறை, பசிச்சா ஒண்ணு பத்த வெய்யி, பசி அடங்கிரும், நான் எப்படி இருக்கறேன்னு பாருன்னாரு. நான் சொன்னேன், மச்சான், இத விட்டதுக்குத்தான் அந்த வேண்டுதலே. இதக் குடிச்சு எளைச்சு, குடிக்காம இருந்ததுக்குத் தராசுல உக்காரட்டுமா? நல்லா இருக்குதுங்களா இது? அவருகிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்கும். ஒரு வருஷம்னுதான வேண்டுனா, மாசியோட வருஷம் முடிஞ்சுபோச்சு, இனிமே குடிச்சா சாமி குத்தமில்ல, உத்திரம் முடிஞ்ச மறுநா மறுபடி விட்டுருன்னாரு. கேக்கறப்ப ஞாயமாத்தான் தெரிஞ்சுது. அதான் பயமா இருந்துச்சு.

நான் முடியாதுன்னேன். அப்ப மச்சான் கொரலைக் கொறைச்சுட்டு இன்னொண்ணு சொன்னாரு.

"உனக்காக நான் கேக்கல. மைனா ஒரு வருஷமா காப்பிக்குக்கூடச் சர்க்கரை போடறதில்ல. தட்டு எந்திரிக்கற வரைக்கும் இனிப்பு தொட மாட்டேன்னு சேத்து வேண்டியிருக்கா. உனக்குத் தெரியுமா அது?"

தெரியாதுங்க தம்பி. ஒரே ஊடு, ஒரே அடுப்பு, எதுக்க எதுக்க உக்காந்துதான் காப்பி குடிக்கறோம். எனக்குத் தெரியாது. அவ அண்ணிகிட்டச் சொல்லியிருக்கா, அண்ணி இவருகிட்டச் சொல்லியிருக்கா, என்கிட்ட மூச்சு விடல. தீபாவளிக்கு வந்த மைசூர்பாகு, பக்கத்தூட்டுக் கல்யாணத்து லட்டு, பொங்கலன்னிக்கு வெச்ச பொங்கல், எல்லாத்துலயும் அவ பங்கு என்ற தட்டுல. இந்தத் தொப்பையில பாதி அவளுதுங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. கோவமாவும் வந்துச்சு, யாரு மேலன்னுதான் தெரியல. தட்டு எந்திரிக்கலைன்னா இன்னும் ஒரு வருஷம் அவ அப்படியே சர்க்கரை இல்லாத காப்பி குடிச்சுட்டு இருப்பா. அவ அப்படிப்பட்டவதான், சொன்னாச் செய்வா.

நான் ஒண்ணை எடுத்து வாயில வெச்சேன். ஆமாங்க, வெச்சேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும். மச்சான் தீக்குச்சியக் கிழிச்சு, கையக் குவிச்சுக் கிட்டக் கொண்டு வந்தாரு. அந்த வாசம் இருக்குதே, பத்த வெக்காத சிகரெட்டோட வாசம், நாக்குல எச்சி ஊறிப்போச்சு. அப்பத்தான் மச்சான் சொன்னாரு, அப்படித்தான், இழு, ஒடம்பு தன்னால வழிக்கு வரும்னு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. வழிக்கு வருமா? என்ற ஒடம்பு எந்த வழியத் தவறிப்போச்சு? ஒரு வருஷமா இருமலில்ல. ராத்திரி முழிச்சு உக்காந்து மூச்சுக்கு அல்லாடறதில்ல. யாரு சொத்தையும் புடுங்கல, யாரு வம்புக்கும் போகல, சிவனேன்னு உக்காந்துட்டு இருக்குது. அதப் போய் வழிக்கு வரும்ங்கறாரு. குச்சிய ஃபூன்னு ஊதி அணைச்சேன். வாயில இருந்தத எடுத்து அவரு சட்டைப் பையிலயே சொருகி, மச்சான், நான் எவ்வளவு இருக்கேனோ அவ்வளவும் வந்து உக்காருவேன், உங்க தராசு தாங்குமான்னு மட்டும் பாத்துக்கங்கன்னேன். எனக்கு ஞானம் வந்து அப்படிச் சொன்னேன்னு நெனைக்காதீங்க. அந்தாளு முன்னால தோத்துப்போறதான்னு ஒரு ரோசம், அவ்வளவுதான்.

ஊட்டுக்குப் போய் அவ அந்தப் பக்கம் திரும்புனப்ப அவ டம்ளர்ல ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். கசப்பு. கீழ வெச்சுட்டேன். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.

அன்னியில இருந்து நானும் பட்டினி கெடந்து பாத்தேனுங்க. வெறும் கொள்ளு ரசம். காலையில அது, மத்தியானமும் அது. சாயங்காலம் நடந்துட்டு வர்றப்ப கண்ணக் கட்டுது, நடு ரோட்டுல வுழுந்து கிழுந்து தொலைச்சா என்ன பண்றதுன்னு பேக்கரியில உக்காந்தேன். அப்பறம் என்ன, உக்காந்தா உக்காந்ததுதான்.

உத்திரத்துக்கு மொத நா அவகிட்டச் சும்மாக் கேட்டேன். அறுவது போதுமில்ல மைனான்னு. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. நீங்க வந்து உக்காருங்க, அது போதும்னா.

உத்திரத்தன்னிக்குக் கரட்டு மேல நிக்க எடமில்ல. மைனாவதி பக்கத்துப் பங்காளி, ஒறம்பரை, எங்க பக்கத்து ஆளுக, ஊரே மண்டபத்துல நிக்குது. படியெல்லாம் நான் நிக்காம ஏறுனேன் தம்பி. அத ஒருத்தராவது பாத்தாங்களா? மண்டபத்துல கட்டுன தராசைத்தான் பாத்துட்டு இருந்தாங்க. சங்கிலி போட்ட பெரிய பலகைத் தட்டு ரெண்டு. ஒண்ணுல என்னைய உக்கார வெச்சாங்க. இன்னொண்ணுல மஞ்சத்துணி மூட்டையத் தூக்கி வெச்சாங்க. பூசாரி கற்பூரம் காட்டுனாரு. தட்டுக்கு அடியில முட்டுக் குடுத்திருந்த கட்டையை எடுத்தாங்க.

என்ற தட்டு தரையில உக்காந்துது. அசையவே இல்ல. மூட்டை அந்தரத்துல தொங்குது.

மொதல்ல ஒரு புள்ளை சிரிச்சுது. அப்பறம் அல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பில்லைங்க, சொந்தக்காரங்க சிரிப்புத்தான், ஆனா அதுதான் உள்ள போகும். சித்தப்பனொருத்தரு, ஆளப் பாதியா வெட்டி வெய்ங்கப்பான்னாரு. ஒரு அம்மா பாவம்னு அவங்க ஊட்டுச் சர்க்கரைய ஒரு பையில எடுத்துட்டு வந்துச்சு, அது ஆகாதுன்னு பூசாரி தள்ளிட்டாரு. மச்சான் கிட்ட வந்து குனிஞ்சாரு. மூஞ்சி செவந்துபோச்சு அவருக்கு. எறங்கு மாப்ள, அசிங்கமாப் போச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. நான் சொன்னதக் கேட்டிருந்தா இந்தக் கேவலம் வந்திருக்குமான்னு பல்லக் கடிச்சாரு. உச்சிக்காலப் பூசைக்கு மணி எடுத்துட்டு வர்றாங்க.

நான் சங்கிலிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டேன்.

"எறங்க மாட்டேன். ஒரு வருஷம் நான் பொகை வுடல. அதுல வந்த ஒடம்பு இது. இத மறைச்சுப்போட்டு வேற எதைத் தராசுல வெக்கச் சொல்றீங்க? தட்டு எந்திரிக்கற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

வீராப்பாச் சொல்லிட்டேன், ஆனா உள்ளுக்குள்ள, இவளுக்கு இன்னொரு வருஷம் போச்சேன்னு அடிச்சுக்குது. அவளப் பாக்கலாம்னு திரும்புனா அவ நின்ன எடத்துல ஆளக் காணோம். வெக்கப்பட்டுட்டு எறங்கிப் போயிட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

சாமிக்குப் பின்னால இருந்து வர்றா. இடுப்புல இன்னொரு மஞ்சத்துணி மூட்டை. சின்னதுதான், ஆனா கனம், ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறா. மச்சான் ஓடிப்போய், அதென்ன அம்மிணி, வெளியில இருந்து கூட்டக்கூடாதுன்னு தெரியாதான்னு மறிச்சாரு. பூசாரிதான் கையக் காட்டுனாரு. கொடி ஏத்தற அன்னிக்கே இதையும் சேத்துத்தான் அம்மிணி சாமி முன்னால வெச்சுது, உள்ளதான் இருந்துச்சு, ஒரு குத்தமுமில்லைன்னாரு.

அறுவதுன்னு நான் சொன்னப்ப சரிங்கன்னு சொன்னவ. ரெண்டு தடவை சட்டையப் பிரிச்சுத் தெச்சவளுக்கு என்ற எடை தெரியாதா? மெஷினை நம்பிட்டு இருந்தது நான் ஒருத்தன்தான். நான் சொன்ன கணக்கை ஊரு முன்னால மொதல்ல வெச்சுப் பாக்கட்டும்னு, அந்த மூட்டைய அவ அது வரைக்கும் வெளியில எடுக்கவே இல்ல.

மச்சான் விடல. இவன் இப்படிப் பெருத்தது உனக்குச் சந்தோசமா, நாலு பேரு சிரிக்கறது கேக்கலியான்னு கேட்டாரு. மைனாவதி அண்ணன்கிட்ட எதுத்துப் பேசி நான் பாத்ததே இல்ல.

"அண்ணா, நான் வேண்டிக்கிட்டது இவரு இருக்கோணும்னு. எவ்வளவு இருக்கோணும்னு நான் வேண்டல. தள்ளு, கனமா இருக்குது."

கொண்டுபோய் அந்தத் தட்டுல வெச்சா. வெச்சதும் என்ற தட்டு விருட்டுன்னு மேல போச்சு. காலு தரையில இல்ல. சங்கிலியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். இப்பச் சர்க்கரைத் தட்டு கீழ, நான் மேல. அவ கொஞ்சம் அதிகமாவே வெச்சுட்டா பாத்துக்கங்க. அப்பவே மேல இருந்து மச்சானுக்குக் கேக்கற மாதிரிச் சொன்னேன், எம் பொண்டாட்டி நெனச்ச அளவுக்குக்கூட நான் குண்டு இல்லைன்னு. இதை நான் இன்னிக்கும் அல்லார்கிட்டயும் சொல்லுவேன். நீங்களும் வேணும்னா லாரி ஆபீஸ்ல சொல்லுங்க. அப்பறம் கை கையா அள்ளி எடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா நான் எறங்குனேன், அது ஏறுச்சு. ரெண்டும் ஒரே மட்டத்துல நின்னப்ப மணி அடிச்சாங்க.

எறங்கி வந்து நின்னேன். தராசுல உக்காந்தவரு வாயிலதான் மொதச் சர்க்கரை போடோணும், அதுதான் அங்க வழக்கம். அப்பறம்தான் மத்தவங்களுக்கு. மைனாவதி ஒரு கை அள்ளி என்ற வாய்கிட்டக் கொண்டு வந்தா. நான் வாயத் தொறக்கல. நீ தின்னு மொதல்லன்னேன். சுத்தி நின்னவங்களுக்கு மறுபடி சிரிப்பு. சென்னியப்பன் திங்கறதுக்கு ஒண்ணக் குடுத்து வேண்டாங்கறானா, அதிசயந்தான்னாங்க. அவ கூச்சப்பட்டுட்டு, ஏனுங்க, அல்லாரும் பாக்கறாங்க, வாயத் தொறங்கன்னா.

"பாக்கட்டும். ஒரு வருஷமா என்னையத்தான பாத்தாங்க. இப்ப உன்னையப் பாக்கட்டும்"னேன்.

அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரியும்னு. என்னைய ஒரு தடவை பாத்தா. அப்பறம் கையில இருந்தத வாயில போட்டுக்கிட்டா. கண்ண மூடிக்கிட்டா. மெல்லக்கூட இல்லீங்க, அப்படியே வெச்சிருந்தா. அது கரையற வரைக்கும் நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன்.